புதிதாகப் பறவை வளர்ப்போருக்குக் காக்கடீல்

பறவை வளர்ப்பில் முதன்முறையாக இறங்குபவர் எந்தப் பறவையைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற கேள்விக்கு, விற்போரும் வளர்ப்போரும் பெரும்பாலும் மூன்று அளவுகோல்களை வைத்தே விடை சொல்லிவருகின்றனர்: விலை கட்டுப்படியாக வேண்டும், எளிதில் சாகக் கூடாது, பார்க்க அழகாக இருக்க வேண்டும். இவை மூன்றும் வாங்குபவரின் வசதியைச் சார்ந்தவையே தவிர, வாங்கிய பறவையைப் புரிந்துகொள்ள உதவுபவை அல்ல. கூண்டுக்குள் இருக்கும் உயிர் பசித்திருக்கிறதா, அஞ்சியிருக்கிறதா, நோயுற்றிருக்கிறதா, வெறும் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்த மாத்திரத்தில் அறியும் பயிற்சி புதியவரிடம் இருப்பதில்லை. அது இல்லாததால்தான் நல்ல கூண்டும் நல்ல தீனியும் வாங்கிக் கொடுத்தவர் வீட்டிலும் பறவைகள் மடிகின்றன. அந்தப் பயிற்சியை வளர்ப்பவருக்குத் தானே அளிக்கும் பறவை எது என்று அளவுகோலை மாற்றிப் பார்த்தால், ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட காக்கடீல் மற்றக் கூண்டுப் பறவைகளுக்கு முன்னால் வந்து நிற்கிறது.

நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் 'காக்டெயில்' என்றே அழைக்கப்படும் இப்பறவை, வாலோடு சேர்த்து 30 முதல் 33 சென்டிமீட்டர் நீளமும் 80 முதல் 100 கிராம் வரையிலான எடையும் கொண்டது. அந்த நீளத்தில் ஏறக்குறையப் பாதி வாலுக்கே போய்விடும். இயற்கையில் இதன் உடல் சாம்பல் நிறம், சிறகில் வெண்பட்டை, கன்னத்தில் வட்டமாக ஒரு செம்மஞ்சள் பொட்டு. நீண்ட வாலைப் பார்த்து இதைச் சிறு கிளிகளின் இனத்தில் சேர்ப்பதா, கொண்டையைப் பார்த்துக் காக்கட்டூ எனப்படும் கொண்டைக்கிளிக் குடும்பத்தில் சேர்ப்பதா என்று அறிவியலாளர்கள் நெடுங்காலம் வாதிட்டுவந்தனர். 1990-களின் இறுதியில் மரபணு ஆய்வுகள் இரண்டாவது கருத்தையே உறுதிசெய்தன. ஆகவே பெரிய வெள்ளைக் காக்கட்டூவின் நெருங்கிய உறவாகிய இது, அக்குடும்பத்தின் மிகச் சிறிய உறுப்பினர். இந்த உறவு வளர்ப்பவருக்கு நடைமுறையில் பொருளுள்ள செய்தி. எழும்பித் தாழும் கொண்டை, ஆணும் பெட்டையும் மாறி மாறி அடைகாக்கும் பழக்கம், உடலிலிருந்து ஓயாமல் உதிரும் வெண்தூள் ஆகிய மூன்றும் காக்கட்டூக் குடும்பத்தின் சொத்துகள். இவற்றில் முதலாவது வளர்ப்பவருக்கு வரம், மூன்றாவது சிலருக்குச் சாபம்.

கொண்டை என்பது உச்சந்தலையிலிருந்து எழும் நீண்ட, ஒடுங்கிய இறகுகளின் தொகுதி. தோலுக்கு அடியிலுள்ள தசைகளால் பறவை அதை நிமிர்த்தவும் படியவைக்கவும் முடியும். அறைக்குள் புதிய ஒலி ஒன்று கேட்டவுடன் கொண்டை செங்குத்தாக விறைத்து நிற்கிறது, கழுத்து நீள்கிறது, உடல் ஒடுங்கி மெலிந்துவிடுகிறது. இது திகைப்பு அல்லது கூர்ந்த கவனம். ஒலி ஆபத்தானதன்று என்று தெரிந்ததும் கொண்டை பாதியாகத் தாழ்ந்து, அதன் நுனி மட்டும் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும் நிலைக்கு வருகிறது. அமைதியாக இருக்கும் காக்கடீலின் இயல்பு நிலை இதுவே. கொண்டை தலையோடு தலையாக இறுக ஒட்டி, வாய் திறந்து, பாம்பு சீறுவது போன்ற ஓசை வந்தால், இன்னும் ஓர் அங்குலம் கையை நீட்டினால் கடி விழும் என்று பொருள். ஆண் பறவை சிறகுகளின் தோள்பகுதியை உடலிலிருந்து சற்றே தூக்கி விரித்து, சீழ்க்கையடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தால், அது தன் அழகை யாருக்கோ காட்டிக்கொண்டிருக்கிறது. அந்த 'யாரோ' பெரும்பாலும் கூண்டில் தொங்கும் கண்ணாடியாகவோ பளபளப்பான எவர்சில்வர் டம்ளராகவோ இருப்பதுண்டு. மாலையில் கன்னத்து இறகுகள் பொம்மிக் கீழலகை மூட, அலகின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒன்றோடொன்று உரசும் மெல்லிய கரகரப்பொலி கேட்கும். முதன்முறை கேட்பவர் நோய் என்று பதறுவார், ஆனால் அது நிறைவோடு உறங்கப்போகும் பறவையின் ஒலி.

இவ்வளவு வெளிப்படையாகத் தன் மனநிலையைக் காட்டும் வேறொரு சிறு கூண்டுப் பறவையைச் சொல்வது கடினம். தமிழகத்தில் 'லவ் பேர்ட்ஸ்' என்ற பெயரில் விற்கப்படும் பட்ஜெரிகர், விலையிலும் இடத்தேவையிலும் காக்கடீலைவிடச் சிக்கனமானது என்பது உண்மையே. ஆனால் அதற்குக் கொண்டை இல்லை; அதன் அச்சமும் ஆர்வமும் ஏறக்குறையப் பதினெட்டு சென்டிமீட்டர் உடலின் விரைவான அசைவுகளுக்குள் மறைந்துவிடுவதால், பழகிய கண்ணுக்கே அவை பிடிபடும். மறுபுறம் பெரிய கிளிகளின் நிலை வேறு: ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியோ பெரிய காக்கட்டூவோ கடித்தால் விரலுக்குத் தையல் போடவேண்டி வரலாம், அவற்றின் அலறல் அடுக்குமாடிக் குடியிருப்பில் அண்டைவீட்டாரோடு பகையை உண்டாக்கலாம், அவற்றின் ஆயுள் சில வேளை உரிமையாளரின் ஆயுளையும் தாண்டும். தவறு செய்து கற்க வேண்டியிருக்கும் ஒருவருக்கு, அந்தத் தவறுக்கான தண்டனை தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். காக்கடீலின் கடி வலிக்கும், அரிதாகத் தோலைக் கிழிக்கும், அதற்குமேல் போவதில்லை. அதுவும் கொண்டை படிந்த எச்சரிக்கையை மதிக்காதவருக்கே பெரும்பாலும் கிடைக்கிறது.

சட்டத்தின் பக்கமும் இத்தேர்வுக்குத் துணைநிற்கிறது. தமிழகத்து வீடுகளில் தலைமுறைகளாக வளர்க்கப்பட்டுவந்த பச்சைக்கிளி இந்நாட்டுக் காட்டுப் பறவை; 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைத்திருப்பதும் குற்றம். கிளி ஜோதிடர் வைத்திருப்பதும் அடுத்த வீட்டுப் பாட்டி வைத்திருப்பதும் இதற்கு விலக்கல்ல என்பது இன்னும் பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. காக்கடீலோ வேற்றுநாட்டுப் பறவை. உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் என்ற உடன்படிக்கை கிளியினங்கள் அனைத்தையும் தன் பட்டியல்களில் சேர்த்திருக்கையில், காக்கடீல், பட்ஜெரிகர், ரோசாமுக லவ் பேர்ட், பச்சைக்கிளி ஆகிய நான்கை மட்டுமே வெளியே விட்டிருக்கிறது. ஆகையால் அயல்நாட்டுப் பெருங்கிளிகளை வைத்திருப்போர் செய்ய வேண்டிய அரசுப் பதிவு காக்கடீலுக்குத் தேவைப்படுவதில்லை. ஆஸ்திரேலியா தன் பறவைகளின் ஏற்றுமதியை 1960 வாக்கிலேயே தடைசெய்துவிட்டது. எனவே இன்று உலகச் சந்தையிலுள்ள காக்கடீல்கள் காட்டிலிருந்து பிடிக்கப்பட்டவை அல்ல, பண்ணைகளிலும் வீடுகளிலும் பல தலைமுறைகளாக இனப்பெருக்கம் செய்யப்பட்டவை. வெள்ளையும் இளமஞ்சளுமான லூட்டினோ, திட்டுத்திட்டான பைடு, முத்துப்போன்ற புள்ளிகளுள்ள பேர்ல் ஆகிய நிறவகைகள் யாவும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் கூண்டிலேயே தோன்றியவை. லூட்டினோவில் கொண்டைக்குப் பின்னால் சிறு வழுக்கை ஒன்று மரபாகவே வருவதுண்டு. அதை நோய் என்று எண்ணி மருந்து தேடவேண்டியதில்லை.

இப்பறவையின் குணத்தை அறிய அதன் தாயகத்தைக் கவனிப்பது நல்லது. ஆஸ்திரேலியாவின் உட்பகுதியிலுள்ள வறண்ட சமவெளிகளில், மழை பெய்த இடங்களைத் தேடிக் கூட்டமாக அலையும் நாடோடி இது. தரையில் இறங்கிப் புல்விதை பொறுக்கித் தின்று, நீர்நிலைக்கு அருகிலுள்ள யூகலிப்டஸ் மரப்பொந்துகளில் முட்டையிடுகிறது. சோளமும் சூரியகாந்தியும் விளையும் வயல்களில் இறங்கிவிட்டால் அங்குள்ள உழவருக்கு இது தொல்லை. சங்கக் குறிஞ்சிப் பாடல்களில் தட்டையும் கவணும் கொண்டு தினைப்புனத்துக் கிளிகளை ஓட்டும் மகளிர்க்கும் அந்த ஆஸ்திரேலிய உழவர்க்கும் உள்ள சிக்கல் ஒன்றே என்று சொன்னால் தவறாகாது. அந்தத் தினைதான் இன்று தமிழகத்துக் காக்கடீலின் தட்டிலும் விழுகிறது. கூட்டத்தில் வாழ்ந்த பறவை என்பதால் இதற்குத் துணை வேண்டும். தரையில் மேய்ந்த பறவை என்பதால் எதிரிக்கு அஞ்சிச் சட்டென்று மேலெழும் இயல்பு இதற்கு உண்டு. இந்த இரண்டையும் நினைவில் கொண்டால், வளர்ப்பில் எழும் ஐயங்களில் பெரும்பாலானவற்றுக்கு விடை கிடைத்துவிடும்.

பழக்குதல் என்பது அஞ்சும் பறவை கையை நம்புமாறு செய்வது. புதிய பறவை வந்த முதல் சில நாட்கள் அதைத் தொடாமல், கூண்டருகே அமர்ந்து தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பதே போதுமானது. பின்னர் நீளமான தினைக் கதிர் ஒன்றின் அடிப்பகுதியைப் பிடித்துக் கூண்டுக்குள் நீட்டினால், கொண்டை விறைக்கும், பறவை பின்வாங்கும். கை அசையாதிருந்தால் சற்று நேரத்தில் கழுத்தை மட்டும் நீட்டிக் கதிரின் நுனியில் ஒரு மணியைக் கொத்தும். அடுத்தடுத்த நாட்களில் கதிரைச் சிறிது சிறிதாகக் குட்டையாகப் பிடித்துவர, அலகுக்கும் விரலுக்குமான தொலைவு குறைந்து, ஒரு நாள் பறவை விரல்மேல் ஏறி நின்றே தின்னத் தொடங்கும். கொண்டை எழுந்தவுடன் கையை நிறுத்துவது, தாழ்ந்தபின் நகர்த்துவது என்பதைத் தவிர இதில் வேறு நுட்பம் இல்லை. இப்படிக் கையை விரலளவாக நகர்த்தும் பொறுமையைக் கற்றவர், பின்னாளில் எந்தக் கிளியையும் பழக்க இயலும்.

இங்கே சந்தையின் ஒரு தீய வழக்கத்தைக் கண்டிக்காமல் விட முடியாது. தாமே தீனி தின்னத் தொடங்காத குஞ்சுகளைக் குறைந்த விலைக்கு விற்று, சிரிஞ்சால் கூழ் ஊட்டி வளர்த்தால் குஞ்சு 'நன்றாக ஒட்டிக்கொள்ளும்' என்று புதியவரை நம்பவைக்கின்றனர். கூழ் சற்றே சூடாக இருந்தால் குஞ்சின் தீனிப்பை, அதாவது உணவு முதலில் தங்கும் கழுத்தடிப் பை, வெந்து ஓட்டை விழுந்துவிடும். ஊட்டும் வேகம் கூடினால் கூழ் மூச்சுக்குழலில் இறங்கிக் குஞ்சு அங்கேயே மூச்சடைத்துவிடும். அனுபவமுள்ளோருக்கே கவனம் தேவைப்படும் இவ்வேலையைப் பறவையே வளர்த்தறியாதவரிடம் ஒப்படைப்பது வணிகமன்று, கொடுமை. தானே தினை உடைத்துத் தின்னும், குறைந்தது பத்து வாரம் கடந்த, விரலில் ஏறப் பழகிய பறவையைக் கேட்டு வாங்குவதே முறை.

தீனியில் புதியவரை ஏமாற்றும் ஒரு காட்சி உண்டு. காக்கடீல் விதையை அப்படியே விழுங்குவதில்லை. நாக்கால் உருட்டி, அலகின் விளிம்பில் வைத்து உடைத்து, பருப்பை மட்டும் தின்று உமியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடுகிறது. மாலையில் பார்ப்பவருக்குக் கிண்ணம் நிறைந்திருப்பதுபோல் தோன்றும்; உள்ளே இருப்பதெல்லாம் உமி. வாயால் ஊதிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். தினை, சாமை, கம்பு போன்ற சிறுதானியங்களையே நாள்தோறும் கொடுத்துவந்தால் பறவை பசியாறுமே தவிர நலமாக இராது. சூரியகாந்தி விதை மிகுந்தால் கல்லீரலில் கொழுப்பு படியும், வைட்டமின் ஏ குறைந்தால் மூச்சுப்பாதை நோய்கள் எளிதில் பற்றும். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட், முளைகட்டிய பயறு, கிடைத்தால் சத்துகள் சேர்த்துச் செய்த பெல்லட் என்னும் உருண்டைத் தீனி ஆகியவற்றைச் சிறுகச் சிறுகச் சேர்ப்பது நலம். அவகாடோ, சாக்லேட், உப்பிட்ட பண்டங்கள், வெங்காயம் ஆகியவை ஆகாதவை. சுண்ணாம்புச்சத்துக்காகக் கணவாய் ஓடு ஒன்றைக் கூண்டுக் கம்பியில் மாட்டிவிட வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டாலும் அதுவே கிடைக்கும்.

கொண்டை எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நம்பிவிடுவதும் தவறு. மனநிலையை வெளிக்காட்டும் இதே பறவை நோயை மட்டும் கூடுமானவரை மறைக்கிறது. கூட்டத்தில் பலவீனமாகத் தோன்றும் பறவையை வல்லூறு முதலில் தேர்ந்தெடுக்கும் என்பதால் வந்த இயல்பு அது. ஆகவே சமையலறைத் தராசு ஒன்றில் காலையில் தீனிக்கு முன் பறவையை நிறுத்தி எடையைக் குறித்துவைக்கும் பழக்கம் மிகப் பயனுள்ளது. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் செல்லும் நேரம் வந்துவிட்டது. பகலிலும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருத்தல், மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்குதல், எச்சத்தில் பச்சையும் வெள்ளையும் நீருமாக மூன்று பகுதிகள் தனித்தனியே தெரியாமல் போதல் ஆகியவையும் அறிகுறிகளே. நாயும் மாடும் பார்க்கும் மருத்துவர் ஒவ்வொருவரும் பறவை பார்ப்பவராக இருப்பதில்லை. சென்னை வேப்பேரியிலுள்ளதைப் போன்ற பெரிய கால்நடை மருத்துவமனை எல்லா ஊரிலும் கிடையாது. எனவே பறவை வாங்குமுன்பே பறவை பார்க்கும் மருத்துவரை விசாரித்து வைத்திருப்பது நல்லது.

வீட்டைப் பொறுத்தவரை, தமிழகத்து அறையில் காக்கடீலுக்கு முதல் எதிரி தலைக்குமேல் சுழலும் மின்விசிறி. கூண்டைத் திறக்குமுன் அது முழுமையாக நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். அடுத்தது அடுப்படி. ஒட்டாத பூச்சுள்ள தவா அளவுக்குமீறிச் சூடானால் வெளிவரும் கண்ணுக்குத் தெரியாத நச்சுப்புகை, மனிதருக்குத் தலைவலியோடு போகலாம். பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும், ஏனெனில் பறவையின் நுரையீரலும் அதனோடு இணைந்த காற்றுப்பைகளும் காற்றிலுள்ள எதையும் மிக விரைவாக உறிஞ்சிக்கொள்ளும் அமைப்புடையவை. கொசுவத்தி, சாம்பிராணி, ஊதுபத்தி ஆகியவற்றையும் கூண்டிருக்கும் அறையில் ஏற்றாதிருப்பதே சரி. வறண்ட நிலத்துப் பறவை வெயிலைத் தாங்கும் என்று எண்ணிக் கத்திரி வெயிலில் மாடியில் தொங்கவிட்டால் அது மடிந்துவிடும். தாயகத்தில் அது நிழலுக்குப் பறந்துசெல்லும், கூண்டில் அதற்கு வழியில்லை. கூண்டு குறைந்தது இரண்டடி நீளமும் அகலமும் உயரமும் உடையதாக, இரு சிறகையும் விரித்து அசைக்க இடமுள்ளதாக, கம்பிகளின் இடைவெளியில் தலை நுழையாததாக இருக்க வேண்டும். ஒரே பருமனுள்ள வழவழப்பான குச்சிகளைவிடக் கொய்யாக் கிளைகள் காலுக்கு நல்லவை.

இரவு அச்சம் என்பது காக்கடீலுக்கே மிகுதியாக உள்ள ஒரு குறை. இருட்டில் ஒரு பல்லி ஓடினாலோ தெருவில் செல்லும் வண்டியின் வெளிச்சம் சுவரில் வழுக்கினாலோ, உறங்கும் பறவை வெருண்டெழுந்து கூண்டுக் கம்பிகளில் குருட்டுத்தனமாக மோதிக்கொள்ளும். வளரும் இறகுகளில் குருதி ஓடுவதால், அவை முறிந்தால் இரத்தம் நிற்காமல் கசியும். மங்கலான விடிவிளக்கு ஒன்றை எரியவிடுவதே இதற்குப் போதிய மருந்து.

ஆணா பெட்டையா என்பதில் புதியவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சாம்பல்நிறக் குஞ்சுகள் யாவும் பெட்டையைப் போலவே தோன்றும். ஆறு மாதத்துக்குப் பின் இறகுதிர்ந்து புது இறகு முளைக்கையில் ஆணின் முகம் பளிச்சென மஞ்சளாகும், பெட்டையின் வாலடியில் கோடுகள் நிலைத்திருக்கும். ஆண் சீழ்க்கையில் வல்லது. ஒரு திரைப்பாடலின் முதல் அடியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அதைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் பாதியில் தன் விருப்பப்படி வேறொரு மெட்டுக்குத் தாவிவிடும். பேச்சில் இது மைனாவுக்கோ சாம்பல் கிளிக்கோ ஈடாகாது. பேசும் பறவை வேண்டும் என்று காக்கடீல் வாங்குபவர் ஏமாறுவார். பெட்டை அமைதியானது, ஆனால் துணையில்லாமலே முட்டையிடும், சில வேளை நிறுத்தாமல் இடும்; அப்போது உடலிலுள்ள சுண்ணாம்புச்சத்து கரைந்து, முட்டை வெளிவராமல் சிக்கி உயிரே போகலாம். வெளிச்ச நேரத்தைக் குறைத்து நெடுநேரம் உறங்கவிடுவதும், பொந்துபோன்ற மூலைகளை அடைத்துவிடுவதும், இட்ட முட்டையை உடனே எடுக்காமல் பெட்டை சலித்துப்போகும்வரை விட்டுவைப்பதும் இதைக் கட்டுப்படுத்தும் வழிகள். முதல் பறவை ஆணாக இருப்பது சுமையைக் குறைக்கும் என்பது பலர் கருத்து. அது சரியென்றே தோன்றுகிறது.

இவ்வளவு பொருத்தம் இருந்தும், சிலர் இப்பறவையை வாங்காதிருப்பதே நல்லது. ஆஸ்துமா உள்ளவர் வாழும் வீட்டில் காக்கடீலின் வெண்தூள் மூச்சுத்தொல்லையைக் கூட்டும். கறுப்பு மேசைமீது ஒரே நாளில் மாவு தூவியதுபோல் அது படிவதைக் கண்டால் நுரையீரலுக்குள் செல்வது எவ்வளவு என்று ஊகிக்கலாம். காலையில் பூட்டி இரவில் திறக்கப்படும் வீட்டில் ஒற்றைப் பறவை, கூட்டத்தைத் தொலைத்ததாக எண்ணி ஓயாது கூவும், பின்னர் தன் இறகைத் தானே பிடுங்கத் தொடங்கும். அத்தகையோர் இரண்டாக வளர்க்கலாம், ஆனால் அப்போது பறவைகள் ஒன்றையொன்று நாடுமே தவிர மனிதரை நாடுவது குறையும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழக்கூடிய உயிர் இது. பள்ளிச் சிறுவனின் பிறந்தநாளுக்கு வாங்கப்படுவது அவன் வேலைக்குப் போகும் வயதிலும் கூண்டில் இருக்கும். வளர்க்க இயலாமல் போனால், இரக்கம் என்று கருதிக் கூண்டைத் திறந்து வானில் விட்டுவிடுவோர் உண்டு. தமிழகத்துக் காக்கைகளுக்கும் பூனைகளுக்கும் நடுவே, இரை தேடக் கற்றிராத அப்பறவை சில நாட்கள்கூடத் தாங்குவது அரிது. அதனால் பறவை வளர்ப்போர் வேறு யாரிடமேனும் கூண்டோடும் தீனிப்பழக்கக் குறிப்போடும் அதை ஒப்படைப்பதே முறை.